நானூறு கீபோர்டுகளில் ஒரு கையெழுத்து

ஒரு கீபோர்டுக்கு எதற்குத் திரை என்று நான் முணுமுணுக்காத நாள் கிடையாது. எதிரே முழ நீளத்துக்குக் கம்ப்யூட்டர் திரை இருக்கிறது. சட்டைப் பையில் போன் இருக்கிறது. கையில் கட்டியிருக்கும் கடிகாரமும் இப்போது திரைதான். இவ்வளவும் போதாதென்று தட்டுகிற விரலுக்குப் பக்கத்தில், வலது மேல் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு இன்னொன்று. அதில் மணி தெரியும், இல்லாவிட்டால் ஒரு பூனை ஆடும். வாங்குகிறவர்கள் தங்கள் நாய், காதலி, கார் என்று எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் தொழிற்சாலை புக்கிட் தெங்காவில் இதைத்தான் செய்து கப்பலேற்றுகிறது. கீபோர்டுக்குப் பிறகு முதுகில் திரை வைத்த மவுஸ் வந்தது. மவுஸைப் பிடித்தால் உள்ளங்கை அந்தத் திரையை மூடிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதையும் வாங்கினார்கள். உலகத்தில் ஆட்களுக்கு என்ன குறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் குறையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது, அதனால் ரொம்பப் பேசக்கூடாது.

நான் அங்கே கடைசிப் பரிசோதனை லைனுக்கு லீடர். என்னைத் தாண்டினால் பெட்டிதான். கீபோர்டைக் கேபிளில் சொருகியதும் அந்தத் தீப்பெட்டித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறம் வரிசையாக வரும். எங்காவது ஒரு புள்ளி செத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்புறம், படம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் படம்: தட்டில் வைத்த பழங்கள். கடைசியில் பழங்கள் அழிந்து, வாங்குகிற கம்பெனி கேட்ட ஆடும் பூனை வந்து உட்காரும். பூனையைப் பார்த்ததும் என் எண் போட்ட முத்திரையைப் பெட்டியில் குத்துவேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. முதல் வருஷம் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கைதான் பார்த்தது. நிறங்கள் மாறுகிற தாளம் கைக்குப் பழகிவிட்டது, முத்திரை தானாகவே இறங்கும்.

வீடு கடலைத் தாண்டித் தீவுப் பக்கம், ஆயர் ஈத்தாமில், பதினோராவது மாடி. காலை நாலேகாலுக்கு எழுந்து அவருக்கு மதியச் சோறு சமைத்து, மூடி வைத்து, மாத்திரைகளை மூன்று கிண்ணத்தில் பிரித்து வைத்துவிட்டு, ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடித்தால் ஏழு மணி ஷிப்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேரலாம். அவர் என்றால் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் காப்பிக் குவளையைத் தூக்கும்போது வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் அன்றைக்கே போனது. இப்போது 'ம்' என்பார், சில நாள் என் பேரில் பாதி வரும். அவ்வளவுதான்.

நான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவருடைய கைப் பயிற்சி. கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில் கணவனுக்கும் இடம் உண்டு. அந்த அட்டையைக் காட்டினால் கெலுகோர் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் வாரம் இரண்டு முறை அவர் கையைப் பிடித்து வேலை வாங்குவார்கள். எனக்கு லீவு கிடைக்கிற இரண்டு நாளும் அதற்கே சரியாகப் போகும். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் உண்டுதான், ஒருமுறை போய்விட்டு வந்தால் அடுத்த முறை எப்போது என்று சொல்லமாட்டார்கள். வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் கை போகும். என் கணக்கு இவ்வளவு எளிமையாக இருந்தது.

அந்தப் பயிற்சி நிலையத்துப் பெண் அவருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். போனில் படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, வலது ஆள்காட்டி விரலால் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும். எந்த வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. அவரே தேர்ந்தெடுத்தார். மறுநாள் மதியம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மஞ்சள் பின்னணியில், மண்புழு நெளிந்த மாதிரி நீல நிறத்தில் நாலு எழுத்து: சாப்டியா.

அன்றிலிருந்து தினமும் மதியம் அதே வார்த்தை. முதல் நாள் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. போனை எடுத்து, 'சாப்டேன்' என்று போட்டுவிட்டு லாக்கருக்குப் பக்கத்து பெஞ்சில் சாய்ந்துவிடுவேன். உண்மையில் நான் மதியம் சாப்பிடுவது கிடையாது. சாப்பாட்டு நேரம் அரை மணி. கேண்டீன் வரிசையில் நின்று சாப்பிட்டால் தூங்க முடியாது, தூங்கினால் சாப்பிட முடியாது. நான் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

போன ஆண்டு எங்கள் லைனில் சோதனைக் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதிய கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது, பழத்தட்டுப் படம் மட்டும் இல்லை. அனுப்பி வைக்கச் சொல்லி ஆபீசுக்குக் கேட்டால் நாளைக்கு என்றார்கள். லைன் நின்றால் அன்றைய கணக்கு என் தலையில் விழும். லைனைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நம்ம தமிழ் ஆள்தான், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்காரர்.

"அக்கா, உங்க போன்ல ஏதாச்சும் படம் இருந்தா குடுங்க. எது போட்டாலும் ஓடும் லா. கடைசில பூன வந்து அழிச்சிரும்."

லீடர்கள் மட்டும் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனை உள்ளே கொண்டுபோகலாம். ஆனால் அதைச் சோதனைக் கம்ப்யூட்டரில் சொருகக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த அறிவிப்புக்குக் கீழே நின்றுகொண்டுதான் நான் கேபிளைச் சொருகினேன். போனில் இருந்தது ஞாயிறு பூசை அறிவிப்புகளும் என் வீட்டுக்காரர் எழுதியவையும்தான். மேலே இருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். லைன் ஓடியது. டெக்னீஷியன் விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று பிற்பகல் புதிய கம்ப்யூட்டர் கடைசிப் படியில் முடங்கியிருக்கிறது. சோதனைப் படத்தை அழித்துப் பூனையை ஏற்றவில்லை, ஏற்றிவிட்டதாக மட்டும் பச்சை விளக்குக் காட்டியிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு கீபோர்டுகள். ஒவ்வொன்றிலும் பூனைக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் எழுதியது நின்றிருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன், ஒவ்வொரு பெட்டியிலும் முத்திரை குத்தினேன்.

எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். என் இடத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்ணோ சீனப் பெண்ணோ இருந்திருந்தால், இதென்ன கிறுக்கல் என்று முதல் கீபோர்டிலேயே கையைத் தூக்கியிருப்பாள். எனக்கு அது கிறுக்கலாகப் படவில்லை. படமாகவும் படவில்லை. தினமும் மதியம் பார்க்கிற வார்த்தை, தினமும் பதில் சொல்லிக் கடந்துபோகிற வார்த்தை. திரை 'சாப்டியா' என்றது, உள்ளுக்குள் 'சாப்டேன்' என்றேன், அடுத்த பெட்டியை எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு முறை இப்படி நடந்திருக்கிறது. அந்த வெறுமையை யாரிடம் விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். தர மேலாளர் ஒரு சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், குரலை உயர்த்தாதவள். சுவர்த் திரையில் ஒரு போட்டோ. ஏதோ குளிர் நாட்டில் ஓர் ஆபீஸ், வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு கீபோர்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் வெளிச்சம். அந்த ஆபீஸில் பயந்துவிட்டார்களாம். யாரோ உள்ளே புகுந்து கெடுதல் செய்கிறார்கள், இது ஏதோ மிரட்டல் என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். அடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். போட்டோவைப் பெரிதாக்கினாள். மஞ்சளுக்கு நடுவில் அந்த நீல மண்புழு எழுத்து.

டெக்னீஷியன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தபடி மெல்லச் சொன்னார்.

"அக்கா, வாய தொறக்காதீங்க. கம்ப்யூட்டர் மேல போட்ருவோம். கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. மேலாளர் என்னைப் பார்த்து மலாயில், "இனி தமிழ், கான்?" என்றாள். இது தமிழ்தானே என்று. ஆமாம் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அங்கே இருந்த ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். மிரட்டலா, சாமி பேரா, கெட்ட வார்த்தையா என்று காத்திருந்தார்கள்.

"சுடா மாக்கான்?" என்றேன்.

சாப்பிட்டாச்சா என்பதற்கு மலாயில் அவ்வளவுதான். இந்த ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்பது. ஒருவர் இருமினார்.

"இத்து சாஜா?" என்றாள் மேலாளர். அது மட்டும்தானா.

"அது மட்டும்தான். எழுதினது என் வீட்டுக்காரர். படத்த என் போன்லேருந்து போட்டது நான்தான்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். டெக்னீஷியன் பேரை இழுக்கவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை. சொருகியது என் கை, பார்க்காதது என் கண். கதை கட்டிச் சொல்கிற தெம்பும் எனக்கு இல்லை.

முடிவு சொல்ல ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன். பயிற்சி நிலையத்துப் பெண் அடுத்த மூன்று மாதத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என்ன ஏது என்று சொல்லாமல், எல்லாக் கோபத்தையும் அவர் மேல் கொட்டினேன்.

"ஒலகத்துல எழுதுறதுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா உங்களுக்கு? ஒரே வார்த்த, தெனம் தெனம். எனக்கு வேல இல்லையா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் மதியம் படம் வரவில்லை. லாக்கர் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தூக்கமும் வரவில்லை. இவ்வளவு கேவலமான மனுஷியா நான் என்று இருந்தது. மூன்றாம் நாள் அவர் பாட்டுக்கு மறுபடி அனுப்பினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. 'சாப்டேன்' என்று போட்டுவிட்டுத் தூங்கினேன்.

வாரம் முடிந்து வார்னிங் லெட்டர் வந்தது. வேலை இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. லீடர் பதவி போனது, முத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு லெட்டர் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நானூறு வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சாப்டியா என்று கேட்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் வாயின் பாதி பக்கம் சிரித்தது. சிரிப்பு நிற்கவே இல்லை, எச்சில் ஒழுகி சட்டை நனைந்தது. துடைத்துவிட்டுக்கொண்டே நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அதுதான்.

கீபோர்டுகள் கப்பலில் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. ஒன்றுவிடாமல் பிரித்து, படத்தை அழித்து, பூனையை ஏற்றி, மறுபடி மூட வேண்டும் என்று வாங்கின கம்பெனி எழுதியிருந்தது. யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கூரை வரைக்கும் பெட்டிகள். என் பழைய முத்திரை ஒவ்வொன்றிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொருகினால் மஞ்சள் வெளிச்சம் எரியும், சாப்டியா என்று கேட்கும். அழிப்பேன். பூனை வரும். அடுத்தது. முதல் நாள் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் அலுப்பு. இந்த முறை கையை நம்பவில்லை, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன். இன்னொரு லெட்டர் வாங்க எனக்கு வசதி இல்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து அந்தக் கையெழுத்து மனப்பாடமாகிவிட்டது. 'சா'வின் துணைக்கால் எழுத்தை விட்டு விலகிச் சரிந்து கிடந்தது. 'ப்' மேல் வைக்க வேண்டிய புள்ளி தலையில் உட்காராமல் வலப்பக்கம் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது. 'டி'யின் மேல்சுழி பாதியில் நின்றிருந்தது, அதற்கு மேல் விரல் போகவில்லை என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம் லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். இப்போதெல்லாம் போன் உள்ளே வரக்கூடாது. அன்றைய படம் வந்திருந்தது. 'சாப்டேன்' என்று போட விரல் போய்விட்டது. அப்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து அறுபது எழுபது முறை பார்த்த பழைய எழுத்து கண்ணிலேயே நின்றதால்தான் பார்க்க முடிந்தது. இன்றைய 'ப்'பின் புள்ளி அதன் தலைக்கு நேர் மேலே இருந்தது. துணைக்கால் நிமிர்ந்து நின்றது. 'டி'யின் சுழி முழுதாக வளைந்து மூடியிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தேன். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் தெரிந்தது. புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து வந்திருக்கிறது. அந்தக் கையை எழுப்பத்தானே நான் நாலேகாலுக்கு எழுந்து பாலம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். அது எழுந்துகொண்டிருந்ததைத் தினமும் எனக்கு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் பதில்: சாப்டேன், சாப்டேன், சாப்டேன். அத்தனையும் பொய்.

அவரிடம் கை நன்றாகிவிட்டது என்று எழுதலாம் என்று நினைத்தேன். எழுத வரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் போட்டேன்.

'இன்னும் இல்ல.'

இரண்டு நீலக் குறி விழுந்தது. அவர் ஒன்றும் அனுப்பவில்லை. நான் பெஞ்சில் சாய்ந்து எப்போதும் போலத் தூங்கிவிட்டேன்.

அன்று பாலத்தில் நெரிசல். வீட்டுக் கதவைத் திறக்கும்போது எட்டேகால். அவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. அடுப்படியிலிருந்து மேசை வரைக்கும் தரையில் சோற்றுப் பருக்கை, சாம்பார்ச் சொட்டு. எறும்பு வரிசையும் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தேன். காலையில் நான் அவருக்குச் சமைத்து வைத்ததில் பாதி. பாதிச் சோறு, பாதி வெண்டைக்காய், பொரித்த மீனில் பாதி. மீனில் முள் எடுத்திருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "மாத்திர போடுற ஆளு பாதி வயித்தோட இருக்கலாமா? நான் என்ன சின்னப் பிள்ளையா, கேண்டீன் இல்லையா அங்க? இதெல்லாம் யாரு கூட்டுறது?"

அவர் "ம்" என்றார். இடது கையால் தட்டை என் பக்கம் தள்ளினார். வலது கை மேசை மேல் இருந்தது, விரல் நுனியில் மீன் எண்ணெய் காய்ந்திருந்தது.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். காலை ஐந்து மணிச் சோறு, லேசாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது. பிசைந்து சாப்பிட்டேன். அவர் கடைசிக் கவளம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பக்கத்தில் இழுத்து, வலது விரலால் மெதுவாக எழுதினார். எழுதி முடிக்க நேரமானது, நான் எழுந்து போகவில்லை. என் பைக்குள் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்க்கவில்லை, என்ன கேட்டிருப்பார் என்று தெரியும்.

"சாப்டேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.